தாவரவியல் மேதை ஜானகி அம்மாள்

தைப்பொங்கல் நாளிலே முற்றத்தைக் கூட்டி, கோலமிட்டு, பொங்கற் பானையின் இரு மருங்கிலும் கரும்பு நாட்டுவது எம்மவர் வழக்கம். தை பிறப்பதற்குச் சில தினங்களுக்கு முன்னரே கல்முனைச் சந்தையிலே கரும்புக் கட்டுகள் வந்து சாய்ந்துவிடுகின்றன. மேற்கே கல்லோயாப் பள்ளத்தாக்கில், ஹிங்குராணைச் சீனி ஆலையைச் சுற்றிக் கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடப்பதையும் நாம் அறிவோம். கடவுளுக்குப் படைப்பதும் கரும்பு; காலைத் தேநீரிலே கலப்பதும் கரும்பின் சாறு. ஆயினும் அக்கரும்பின் உள்ளே புகுந்து, அதன் குலமுறையை எண்ணிக் கணக்கிட்டு உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், எமது நாட்டுக்கு எதிர்க்கரையாகிய மலையாளத்திலே பிறந்து, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உழைத்த ஒரு பெண்மணி என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்? பாடசாலைக் காலத்திலே யாமும் அப்பெயரைக் கேட்டதில்லை. பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே அறிந்தோம். நாம் காலந்தாழ்த்தி அறிந்ததை எமது தம்பி தங்கையர் காலத்தோடு அறியட்டும் என்னும் விருப்பினால், இவ்வாண்டு மலரிலே அன்னாரின் வரலாற்றைச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

பிறப்பும் குடும்பமும்

எடவலத்துக் கக்கட்டு ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4ஆந் திகதி தலைச்சேரியிலே பிறந்தார். தலைச்சேரி அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தின் ஒரு துறைமுகப் பட்டினம்; இன்று கேரள மாநிலத்தில் உள்ளது. தந்தையார் திவான் பகதூர் கிருஷ்ணன், நீதிபதியாகக் கடமையாற்றியவர். நியாயத்தலத்திலே தீர்ப்பெழுதிய அக்கை, வீடு திரும்பியதும் தோட்டத்திலே செடி நாட்டும். அப்பகுதிப் பறவைகளைப் பற்றிக் குறிப்பெழுதும். தாயார் தேவி அம்மாள், மலையாளத் தாய்க்கும் ஆங்கிலேய அதிகாரி ஒருவருக்கும் பிறந்தவர். பிள்ளைகள் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது.

அக்குடும்பம் தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. பிறப்பினாலே உயர்வு தாழ்வு கற்பித்த அக்காலத்துச் சமுதாயம் அவர்களைத் தாழ்ந்தோர் வரிசையிலேயே வைத்திருந்தது. தாயார் கலப்பு மணத்தின் வழி வந்தவராதலின், ஏளனஞ் செய்வார்க்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. ஆனால் வட மலபாரிலே தாய்வழி மரபு வேரூன்றியிருந்தது. மகள் என்பவள் வீட்டுக்குப் பாரமல்லள் என்னும் எண்ணம் அங்கு உண்டு. மட்டக்களப்புத் தமிழகத்துத் தாய்வழிக் குடிமுறையிலே பிறந்து வளர்ந்த எமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வீடும் வளவும் பெண்ணுக்கென்று வழங்கும் ஊரிலே பெண் தலைநிமிர்ந்து நிற்பது புதுமையன்று. ஆயினும் வீட்டைப் பெறுவது வேறு, வீட்டை விட்டு வெளியே சென்று உலகத்தைப் பெறுவது வேறு. இரண்டாவதைச் செய்யத் துணிந்தவர் ஜானகி.

கல்வி

தலைச்சேரியிலே கன்னியர் மடப் பாடசாலையிற் பயின்ற அவர், பின்னர் சென்னை சென்று இராணி மேரி கல்லூரியிலே பட்டம் பெற்று, 1921ஆம் ஆண்டு மாநிலக் கல்லூரியிலே தாவரவியலில் சிறப்புப் பட்டமும் பெற்றார். அதன்பின் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியிலே விரிவுரையாளராகக் கடமையேற்றார். காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தரும் அவருக்கு ஐந்தாண்டு மூத்தவர். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிசன் பாடசாலைகளிலே பயின்று, விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். கல்விக்கண் திறப்பவர் எவராயினும் அவரை மதித்து, பெற்ற ஒளியைத் தம் மக்களுக்கே திருப்பிக் கொடுப்பதுதான் அக்காலத்துப் பெரியோர் நெறி. மிசன் பாடசாலை ஒன்றிலே பயின்று, இந்து வாலிபர் மலரிலே எழுதும் எமக்கு அந்நெறி மிகவும் உவப்பானது.

அக்காலத்திலே அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில், கிழக்கு நாட்டுப் பெண்களுக்கென்று பார்பர் என்னும் செல்வர் ஒருவர் 1917ஆம் ஆண்டிலே புலமைப்பரிசில் நிதி ஒன்றை நிறுவியிருந்தார். அப்பரிசில் ஜானகிக்குக் கிடைத்தது. அவ்வேளையில் வீட்டிலே அவருக்கு உறவு முறையில் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததாகக் குடும்பத்தார் கூறுவர். மணப்பந்தலா, கப்பலா என்ற கேள்வி எழுந்தது. அவர் கப்பலைத் தெரிந்தெடுத்தார். 1924ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, முதுமாணிப் பட்டம் பெற்றுத் திரும்பிச் சென்னையிலே மீண்டும் கற்பித்தார். பின்னரும் மிச்சிக்கன் சென்று, 1931ஆம் ஆண்டிலே விஞ்ஞானத்துக்கான கலாநிதிப் பட்டத்தைப் பெற்றார். இந்தியப் பெண்களுள் தாவரவியலிலே இவ்வுயர் பட்டத்தை முதன்முதல் அடைந்தோர் வரிசையில் அவர் வைத்து எண்ணப்படுகின்றார். இறுதி வரை அவர் திருமணஞ் செய்யவில்லை.

அவர் கற்ற துறை யாதெனச் சற்று விளக்குவோம். ஒவ்வோர் உயிரும் கலங்களால் ஆனது. கலத்தின் நடுவே கருவும், கருவினுள்ளே நூல்போன்ற நிறமூர்த்தங்களும் உள்ளன. ஒரு செடி எத்துணை உயரம் வளரும், எந்நிறத்திற் பூக்கும், காய் இனிக்குமா கசக்குமா என்பனவெல்லாம் அந்நூல்களிலே பொதிந்துள்ளன. பிள்ளைக்குச் சாதகம் எழுதி வைப்பது போல, விதைக்கு இயற்கை எழுதி வைத்த ஓலை அது எனலாம். சாதகத்தை நம்புவோரும் நம்பாதோரும் உளர். இவ்வோலையோ நுணுக்குக்காட்டியின் கீழே எவரும் கண்ணாற் காணத்தக்கது. ஒவ்வோர் இனத்துக்கும் நிறமூர்த்தங்களின் தொகை குறிப்பிட்டதோர் அளவாக இருக்கும். மனிதனுக்கு 46, சோளத்துக்கு 20. அத்தொகையை எண்ணி, இச்செடிக்கும் அச்செடிக்கும் உறவென்ன, எதனை எதனோடு கலந்தால் விளைவுண்டாகும் என்று ஆராய்வதே அம்மையார் மேற்கொண்ட தொழில்.

கரும்பும் நாணலும்

1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராசா விஞ்ஞானக் கல்லூரியிலே பேராசிரியராக இருந்த பின், 1934ஆம் ஆண்டிலே கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலே சேர்ந்தார். அவர் வாழ்வின் மிக வளமான பகுதி இங்கே தொடங்குகின்றது.

இந்தியா கரும்பின் பழைய நாடு. ஆயினும் வட நாட்டிலே விளைந்த கரும்பு மெலிந்தது, சாறு குறைந்தது. சாவகம் முதலிய கீழைத் தீவுகளிலே விளைந்த தடித்த கரும்போ இனிமை மிக்கது. எனினும் வட நாட்டுக் குளிரையும் வறட்சியையும் நோயையும் தாங்காதது. இனிமை ஒன்றிடம், வலிமை மற்றொன்றிடம். இவ்விரண்டையும் ஒன்றாக்குவதற்கென்றே 1912ஆம் ஆண்டிலே கோயம்புத்தூர் நிலையம் தொடங்கப்பட்டது. பார்பர் என்னும் ஆங்கிலேய அறிஞரும் (மேலே கூறிய அமெரிக்கப் பார்பர் வேறு), வெங்கட்ராமன் என்னும் தமிழ் அறிஞரும் அங்கு உழைத்தனர். ஆற்றங்கரையிலே தானாக முளைத்துக் கிடக்கும் நாணலை, பேய்க்கரும்பு என்று மக்கள் ஒதுக்கும் புல்லை, வெள்ளை என்னும் இனிய கரும்போடு கலந்து அவர்கள் புதிய கரும்பொன்றை ஆக்கினர். ஒருவரும் மதியாத புல்லின் வலிமை, மதிப்புள்ள கரும்புக்கு உயிர்கொடுத்தது. அப்புதுக் கரும்பு 1918ஆம் ஆண்டிலே உழவர் கைக்கு வந்தது.

ஆனால் இக்கலப்பு எவ்வாறு நிகழ்கின்றது, எந்நாணல் பயன்படும், எது பயன்படாது என்பவற்றுக்குக் கலத்தினுள்ளே புகுந்து விடை காண வேண்டியிருந்தது. அப்பணியே ஜானகி அம்மாளுக்கு உரியதாயிற்று. நாணல் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலக் கிடந்தாலும், இடத்துக்கிடம் அதன் நிறமூர்த்தத் தொகை வேறுபடுகின்றது. 40 முதல் 128 வரை அது விரிவதை இன்று விஞ்ஞானம் அறியும். இவ்வேறுபாட்டை ஆராய்ந்து, நாணலின் பிறப்பிடம் இந்தியாவே என்னும் முடிபை அம்மையார் வலியுறுத்தினார். கரும்பை அதன் சுற்றமாகிய வேறு புல்லினங்களோடும் கலந்து பார்த்தார். கரும்பையும் சோளத்தையும் கலந்து பெற்ற பயிரைப் பற்றிய அவரது அறிக்கை 1938ஆம் ஆண்டிலே இலண்டனில் வெளிவரும் நேச்சர் என்னும் பேர்பெற்ற விஞ்ஞான ஏட்டிலே இடம்பெற்றது. அதற்கு முன்னரே, சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்திலே 1935ஆம் ஆண்டிலே அவர் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார்.

இத்துணைப் புகழிருந்தும் கோயம்புத்தூரிலே அவர் நாள்கள் இனிமையாகக் கழியவில்லை. அவர் ஒரு பெண், திருமணமாகாதவர், தாழ்ந்ததென்று எண்ணப்பட்ட சமூகத்தில் வந்தவர். உடன் உழைத்த ஆடவர் பலருக்கு இம்மூன்றும் பொறுக்கவில்லை. கரும்பைப் பற்றி உலகறியப் பேசிய அவர், தம் அலுவலகத்திலேயே அன்னியராயினார். பேய்க்கரும்பிலே வலிமை உண்டென்று ஒப்பிய அதே நிலையத்தார், மனிதரை மட்டும் பிறப்பாலே அளந்தனர். இதனினும் பெரிய முரண்பாடு வேறு உண்டோ?

போர்க்கால இலண்டன்

1939ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் எடின்பரோ நகரிலே பரம்பரையியல் அறிஞரின் உலக மாநாடு கூடிற்று. ஜானகி அம்மாள் அங்கே சென்றிருந்தார். மாநாடு முடிந்த சில தினங்களிலே இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. அவர் நாடு திரும்பவில்லை; இலண்டனில் ஜோன் இன்னசு தோட்டக்கலை நிலையத்திலே, டார்லிங்டன் என்னும் அறிஞரோடு ஆராய்ச்சியில் அமர்ந்தார். இரவிலே குண்டு விழும்போது கட்டிலின் கீழே புகுந்து, விடிந்ததும் சிதறிய கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி ஒதுக்கிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார் என்று உறவினர் நினைவுகூர்வர். குண்டுச் சத்தமும் பதுங்கு குழியும் எத்தகையன என்று எமது மூத்தோர் நன்கறிவர். அந்நாள்களிலும் விளக்கேற்றி வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மாரும் தந்தைமாரும் இம்மலரைக் கையிலெடுப்போருள் உளர். அவர்களுக்கு அம்மையாரின் மனவுறுதியின் அளவு விளங்கும்.

அவ்வுழைப்பின் பயனாக, மக்கள் பயிரிடும் செடிகளின் நிறமூர்த்தத் தொகைகளை ஒன்றுதிரட்டிய பெருநூலொன்றை டார்லிங்டனும் அம்மையாரும் இணைந்து 1945ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். உலகெங்கும் தாவர ஆராய்ச்சியாளர் கையிலே வைத்துப் பார்க்கும் நூலாக அது விளங்கிற்று.

அதன்பின் 1951 வரை, விஸ்லி என்னுமிடத்திலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்திலே பணிபுரிந்தார். அங்கே கொல்கிசின் என்னும் நச்சுப்பொருளைச் செடியின் முளையிலே இட்டு, அதன் நிறமூர்த்தத் தொகையை இரட்டிப்பாக்கும் ஆராய்ச்சியை மேற்கொண்டார். அளவோடு இட்டால் இலை தடிக்கும், பூ பெரிதாகும். இக்கொல்கிசின் எங்கோ தொலைவில் மட்டும் உள்ள பொருளன்று. எமது வேலியோரத்திலே படர்ந்து, கார்த்திகை மாதத்திலே தீச்சுடர்போலப் பூக்கும் காந்தளின் கிழங்கிலும் உண்டு. அக்கிழங்கு உயிரைக் கொல்லும் என்று எமது பாட்டிமார் எச்சரிப்பர். அந்நஞ்சையே ஆக்கத்துக்குப் பயன்படுத்துவது அறிவின் திறம். எமது சண்பகத்தின் சுற்றமாகிய மக்னோலியா மரத்திலே அவர் இவ்வாறு ஆராய்ந்தார். அவர் பெயரைத் தாங்கிய வெண்பூ மக்னோலியா ஒன்று அத்தோட்டத்திலே இளவேனில் தோறும் பூப்பதாக அறிகின்றோம்.

தாயகம் திரும்புதல்

1951ஆம் ஆண்டிலே பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று அவர் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் திணைக்களம் 1890ஆம் ஆண்டிலே ஆங்கிலேயராற் கல்கத்தாவிலே தொடங்கப்பட்டது. நாளடைவிலே தளர்ந்து கிடந்தது. அதனைச் சீர்திருத்தும் விசேட அதிகாரியாக 1952ஆம் ஆண்டு அம்மையார் நியமனம் பெற்றார்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. ஆங்கிலேயர் காலத்திலே இந்தியக் காடுகளிற் பறித்த செடிகள் உலர்த்தப்பட்டு இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்றன. இந்தியச் செடியை ஆராய விரும்பும் இந்தியன் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. இந்நிலை மாற வேண்டும். நாட்டின் செடிகளை நாட்டிலே நாட்டு மக்களே ஆராய வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆயின், திணைக்களத்தின் தலைமை கியூ மரபிலே பயின்ற ஐரோப்பியர் ஒருவரிடம் சென்றது. அது அவரை மிகவும் வருத்திற்று. எனினும் பணியைக் கைவிடவில்லை. அலகாபாத்திலே மத்திய தாவரவியல் ஆய்வுகூடத்தை நடத்தினார். பின்னர் ஜம்முவிலும் பம்பாய்க்கு அணித்தான துரொம்பேயிலும் பணியாற்றினார்.

இக்காலத்தில் அவர் கண்ணெதிரே மற்றொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்குவோம் என்ற முழக்கத்தோடு நாடெங்கும் காடுகள் வெட்டப்பட்டன. அசாமிலே ஒரு வகை மக்னோலியா மரம், அப்பகுதியிலே எஞ்சியிருந்த ஒன்றே ஒன்று, நிற்பதாகக் கேள்வியுற்று, ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார். போய்ச் சேர்ந்தபோது அது எரிந்து கிடந்தது. புதுச் செடிகளை ஆக்கிய அறிஞர், உள்ள செடிகளைக் காக்கும் தொண்டராகவும் மாறியது இத்தகைய அனுபவங்களினாலே என்று கொள்ளலாம். 1955ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பிரின்ஸ்டன் நகரில், மனிதன் பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றிவிட்டான் என்பது பற்றி அறிஞர் மாநாடு ஒன்று கூடிற்று. அதற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் இவரே. மறு ஆண்டிலே மிச்சிக்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது.

மௌனப் பள்ளத்தாக்கு

1970ஆம் ஆண்டளவிலே அம்மையார் சென்னையை வந்தடைந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்திலே மதிப்புறு விஞ்ஞானியாக இருந்து, நகரை அடுத்த மதுரவாயலிலுள்ள ஆய்வுகூடத்திலே மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்தார். எளிய சேலை, எளிய உணவு, சுற்றிலும் செடிகள், காலடியிற் பூனைகள். இதுவே அவர் முதுமை. 1977ஆம் ஆண்டிலே இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது.

ஓய்வெடுக்க வேண்டிய அவ்வயதிலே அவர் இறுதிப் போராட்டத்திலே இறங்கினார். கேரளத்துப் பாலக்காட்டு மலைகளிலே, குந்திப்புழை என்னும் ஆறு பாயும் மௌனப் பள்ளத்தாக்குப் பகுதியில் மழைக்காடு ஒன்று உண்டு. ஆற்றை மறித்து அணைகட்டி மின்சாரம் எடுக்க மாநில மின்சார சபை திட்டமிட்டது. மக்களுக்கு மின்சாரம் வேண்டும் என்போர் ஒருபுறம். அழிந்த காட்டை எந்த மின்சாரமும் மீண்டும் முளைக்க வைக்காது என்போர் மறுபுறம். எண்பது வயது கடந்த அம்மையார் காட்டின் பக்கம் நின்றார். அங்குள்ள மரங்களின் நிறமூர்த்தங்களை எண்ணிப் பதிவு செய்யும் பணியையும் மேற்கொள்ளத் துணிந்தார். காப்பாற்ற வேண்டியது எதுவெனத் தெரியாமல் காப்பாற்ற முடியாதல்லவா? 1983ஆம் ஆண்டு நவம்பரிலே அத்திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 7ஆந் திகதி, 86ஆவது வயதிலே, மதுரவாயலிலே ஆராய்ச்சிப் பணியிலிருந்தவாறே அம்மையார் உயிர் நீத்தார். அவ்வாண்டு நவம்பரிலே அக்காடு தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதனைக் காண அவர் இருக்கவில்லை. பிற்காலத்திலே இந்திய அரசு தாவரங்களை வகைப்படுத்தும் துறைக்கு அவர் பெயராலே தேசிய விருதொன்றை நிறுவிற்று.

நாம் பெறும் பாடம்

பெரியோர் வாழ்வைப் படித்துவிட்டு வியந்து மூடிவைப்பதால் பயனில்லை. இம்மலரைப் படிக்கும் மூத்தோரிடம் நாம் ஒன்று வேண்டுகின்றோம். எமது கரையோர ஊர்களிலே, தமிழர் வீடாயினும் முஸ்லிம்கள் வீடாயினும், விஞ்ஞானத்திலே நல்ல பெறுபேறு பெற்ற பெண்பிள்ளைகள் பலர் உளர். ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் பல்கலைக்கழகங்கள் வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றன. ஆயினும் மேற்படிப்புக்கு அனுப்பலாமா, அதற்குள் கலியாணத்தை முடிக்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் இன்னமும் எழுகின்றது. திருமணத்தை நாம் பழித்தோமல்லோம். ஆனால் 1924ஆம் ஆண்டிலே தலைச்சேரியில் ஒரு வீட்டார் தம் மகளைக் கப்பலேற்றியிராவிட்டால், கரும்பின் வரலாற்றிலே ஓர் அத்தியாயம் எழுதப்படாமற் போயிருக்கும். நூறாண்டு கழிந்தும் நாம் அஞ்சுவது முறையாகுமா?

இளைஞராகிய எமக்கும் ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டிலே கடல் பொங்கி எமது கரையை அழித்த பின், கரையோரத்து மரங்களின் அருமையை நாம் பேசத் தொடங்கினோம். பேசியதோடு நின்றுவிட்டோமா? எமது களப்போரத்துக் கண்டல்கள் எத்தனை வகை, கோயில் வளவிலே நிற்கும் மரங்கள் எவை, வயல் வரம்பிலே பாட்டி பறித்த மூலிகைகளின் பெயர் யாது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? பெயரறியாத மரத்தை வெட்டும்போது மனம் பதைப்பதில்லை. சங்கத்தின் வாலிபர் பத்துப் பேர் கூடி, ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு, ஊரின் மரஞ்செடிகளை எழுதத் தொடங்கினாற் போதும். மூத்தோர் பெயர் சொல்லட்டும், இளையோர் எழுதட்டும். அதுவே ஜானகி அம்மாளுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.

அடுத்த தைப்பொங்கலிலே முற்றத்துக் கரும்பை நாட்டும்போது, அதன் இனிமைக்குப் பின்னே ஆற்றங்கரை நாணலின் வலிமை உண்டென்பதையும், அவ்வுறவைக் கண்டறியத் தன் வாழ்நாளைக் கொடுத்த ஒரு பெண்மணியையும் ஒருகணம் நினைவுகூர்வோமாக.